ராணுவப் பணமும் செயற்கைக் காலும்: சென்னை கே.கே. நகர் வரை என்ன வந்து சேர்ந்தது?

அடையாறு அச்சு:
2025 ஜூலையில், ராணுவ ஆராய்ச்சி அமைப்பான டி.ஆர்.டி.ஓ.வின் ஐதராபாத் ஏவுகணை ஆய்வகமும் பீபிநகர் எய்ம்ஸும் சேர்ந்து கார்பன் இழைச் செயற்கைப் பாதம் ஒன்றை வெளியிட்டன. 125 கிலோ எடை வரை சோதித்திருக்கிறார்கள். தயாரிப்புச் செலவு 20,000 ரூபாய்க்குள். இறக்குமதிப் பாதத்தின் விலை இதைப்போலப் பல மடங்கு. ஏவுகணைக்குக் கார்பன் இழை பின்னத் தெரிந்தவர்கள் கையில் பணம் இருந்ததால்தான் இது நடந்தது. அமெரிக்க ராணுவத்தின் ஆய்வு நிறுவனமான தார்பா 2006இல் தொடங்கியதுபோல, இயந்திரக் கைக்கு நாமும் ஒரு பெருந்திட்டம் தொடங்க வேண்டும் என்பது என் கட்சி.

மாவுக்கட்டு:
பாதத்துக்குச் சரி, கைக்கு மறுப்பு. தார்பா பணத்தில் வந்த டெக்கா என்ற இயந்திரக் கை 2014 மே மாதம்தான் அமெரிக்க மருந்து, கருவி அனுமதி அமைப்பான எஃப்.டி.ஏ.வின் அனுமதி பெற்றது. எட்டு வருஷம். அது யாருக்கு? அமெரிக்காவில் 2005 மதிப்பீட்டின்படி கை கால் இழந்து வாழ்பவர்கள் சுமார் 16 லட்சம் பேர். அதில் பாதிக்கு மேல் ரத்தக்குழாய் நோய், சர்க்கரை. குண்டில் போனவர்கள் அதில் ஒரு துளி. சென்னை வார்டுகளிலும் சர்க்கரைக் கால்தான் பெரிய கதை.

இன்னொன்று, தசையின் மின் சிக்னலில் இயங்கும் மயோ கை சித்திரை வெயிலில் என்ன செய்யும் என்று யோசியுங்கள். முன்கையில் மடக்கும் தசைமேல் சிக்னல் எடுக்கும் ஒரு எலெக்ட்ரோடு, விரிக்கும் தசைமேல் ஒன்று. வியர்வை இரண்டுக்கும் நடுவே ஓடினால் ஒன்றின் சிக்னல் மற்றதில் கலக்கும். மூடச் சொன்னால் திறக்கும். சிக்னலைப் பெருக்கும் அளவைக் குறைத்தால் கலப்பு நிற்கும், ஆனால் தசையை முறுக்கி முறுக்கிச் சாயங்காலத்துக்குள் சோர்வு வந்துவிடும். கையைத் தலைக்கு மேல் தூக்கினால் எடை, மிச்சக் கையை நுழைக்கும் உறையான சாக்கெட்டை இழுத்து எலெக்ட்ரோடு தோலை விட்டு எழும்பும். பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடிக்கும் அதே நொடியில் பிடி விட்டுப்போகும் என்றால் அந்தக் கை எதற்கு?

அடையாறு அச்சு:
நீங்கள் சொல்வது பழைய இரண்டு எலெக்ட்ரோடு முறை. டெக்கா கைக்குக் காலணியில் வைக்கும் சாய்வு உணரியும் உண்டு. பாதத்தைச் சாய்த்தால் கை நகரும், அதற்கு வியர்வை ஒரு பொருட்டே இல்லை. அதோடு, நீங்கள் தினமும் மாவு பிசைந்து எடுக்கும், முட்டிக்குக் கீழே கால் இழந்தவருக்கான பி.டி.பி. சாக்கெட் வடிவம் எங்கிருந்து வந்தது? இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் அமெரிக்க முன்னாள் படைவீரர் துறைப் பணத்தில், 1950களில் பெர்க்லியில். குதியில் மெத்தை வைத்த சாக் பாதமும் அங்கேதான். ராணுவப் பணம் கே.கே. நகர் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையத்துக்கு எப்போதோ வந்தாயிற்று.

மாவுக்கட்டு:
வீட்டுக்குள்ளும் கோயிலிலும் காலணியைக் கழற்றும் ஊர் இது. காலணியில் உணரி வைத்து என்ன பயன்?

பி.டி.பி. விஷயத்தை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அது என் வாதத்துக்குத்தான் பலம். அதில் மோட்டாரும் இல்லை, பேட்டரியும் இல்லை. முட்டியைக் கொஞ்சம் மடக்கி மாவுக்கட்டு போட்டு, முட்டிச் சில்லுக்குக் கீழே தசைநாணில் இரண்டு கட்டைவிரலாலும் அழுத்திப் பிடிக்கிறோம், அவ்வளவுதான். பாரம் அங்கே இறங்க வேண்டும். முட்டிக்குக் கீழே வெளிப்பக்கம் புடைக்கும் ஃபிபுலா எலும்பின் தலை, கணைக்கால் எலும்பின் (டிபியா) முன்விளிம்பு, அதன் அறுபட்ட நுனி மூன்றிலும் அச்சின்மேல் மாவு ஏற்றி இடம் விட வேண்டும். ஃபிபுலா தலையில் விட மறந்தால் நரம்பு நசுங்கி மரத்துப்போகும். சர்க்கரைக்காரர் பலருக்கு வலியே தெரியாது, புண் வந்த பிறகுதான் தெரியும். மிச்சக் கால் (ஸ்டம்ப்) சுருங்கச் சுருங்க 3 அடுக்கு, 5 அடுக்கு என்று காலுறை சேர்ப்போம். 10, 12 அடுக்கைத் தாண்டினால் புது சாக்கெட்தான். பணம் போக வேண்டிய இடம் இது.

நான்குசட்டம்:
நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். ராணுவம் வேண்டுமா வேண்டாமா என்று கத்தி பிடிப்பதற்கு முன் 'கதம்' செயற்கை முட்டியைப் பாருங்கள். சென்னை ஐ.ஐ.டி., மொபிலிட்டி இந்தியா, எஸ்.பி.எம்.டி. மூன்றும் சேர்ந்து 2022இல் வெளியிட்டது. எஸ்.பி.எம்.டி. என்பது டி.ஆர்.டி.ஓ. நிழலில் வளர்ந்த அமைப்பு, அப்துல் கலாம் காலத்துப் பயிர். அது நான்கு சட்டங்களைக் கோத்துச் செய்த, பேட்டரி இல்லாத முட்டி. நிற்கும்போது சுழற்சி மையம் பின்னாலும் மேலேயும் போவதால் குதிகால் ஊன்றும்போது மடங்காது, காலை வீசும்போது நீளம் கொஞ்சம் குறைவதால் பாதம் தரையில் தட்டாது. 160 டிகிரி வரை மடங்கும், ஷேர் ஆட்டோவில் உட்காரலாம்.

இன்னொரு பக்கமும் சொல்ல வேண்டும். 1997இல் வந்த, கணினிச் சில்லு கட்டுப்படுத்தும் சி-லெக் முட்டிக்கு மூலம் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில், ராணுவத்தில் அல்ல. ஜெய்ப்பூர் பாதம் 1968இல் பி.கே. சேத்தியும் ராம் சந்திர சர்மாவும் செய்தது, ராணுவக் காசு கிடையாது.

அச்சு சாருக்கு ஒரு எச்சரிக்கை. கார்பன் பாதங்களைப் பொதுவாக 10 மி.மீ. குதி உயரக் காலணிக்கு ஏற்ற சாய்வில் பொருத்துவார்கள், அதாவது அலைன் செய்வார்கள். வீட்டில் வெறுங்காலோடு நின்றால் பாதத்துக்கு மேல் உள்ள குழாய் பின்னால் சாய்ந்து, முட்டி பின்பக்கம் தள்ளும். மேடு ஏறுவதுபோல இருக்கும். குதியில் கட்டை வைக்கலாம். அல்லது குழாயின் சாய்வை மாற்றும் பிரமிட் அடாப்டரின் திருகுகளில் ஒன்றைத் தளர்த்தி எதிர்த் திருகை இறுக்க வேண்டும், கடைசியில் 15 நியூட்டன் மீட்டர் டார்க் (முறுக்கு விசை). டார்க் குறடு இல்லாமல் கைக்கணக்கில் இறுக்கினால் நாளடைவில் ஆட்டம் காணும்.

அடையாறு அச்சு:
கதமே என் சாட்சிதானே!

தையல் ஊசி:
எல்லோரும் உதிரிப் பாகத்தையே பேசுகிறீர்கள். அறுபட்ட நரம்பின் நுனி முடிச்சாகிவிட்டால் எந்த சாக்கெட்டும் உட்காராது. தொட்டாலே ஷாக் அடிக்கும். 2002இல் சிகாகோவில் டாட் குய்க்கன் குழு செய்த டி.எம்.ஆர். அறுவை, இயந்திரக் கைக்கு அதிக சிக்னல் எடுக்கத்தான் தொடங்கியது. அறுபட்ட நரம்பைப் பக்கத்துத் தசைக்குப் போகும் சின்ன இயக்க நரம்போடு தைத்துவிடுவது. நரம்புக்குப் போக ஓர் இடம் கிடைத்ததால் முடிச்சும் குறைந்தது, இல்லாத கால் வலிப்பதும் குறைந்தது. 28 பேரிடம் செய்த ஒப்பீட்டு ஆய்வு 2019இல் வந்தது, அதற்கு அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் நிதியும் உண்டு. இதற்குத் தேவை உருப்பெருக்கிக் கண்ணாடி, 8-0 என்ற மிக மெல்லிய நூல், பழகிய கை. மோட்டார் வேண்டாம். காலை எடுக்கும் அன்றைக்கே செய்யலாம். சிக்கல் என்னவென்றால், சர்க்கரைக் காலை எடுப்பது பெரும்பாலும் அவசரத்தில், இரவுப் பணியில். அந்த நேரத்தில் இது தெரிந்தவர் அங்கே இருப்பதில்லை.

மாவுக்கட்டு:
இதற்குப் பணம் கேளுங்கள் அச்சு, நானும் கையெழுத்துப் போடுகிறேன். மோட்டார் கைக்குப் போட மாட்டேன்.

அடையாறு அச்சு:
கைக்கென்று பணம் கொட்டியதால்தானே தையல் ஊசி சொல்வதுபோல கால் வலிக்குக்கூட மருந்து கிடைத்தது? தேடும்போது எது கிடைக்கும் என்று முன்கூட்டியே யார் சொல்வது?

தையல் ஊசி:
தவறு. 2002 அறுவைக்குத் தார்பா இல்லை, அந்தத் திட்டமே 2006இல்தான். ராணுவம் பின்னால் வந்து ஆய்வுக்குக் காசு கொடுத்தது. ஆண்டு வரிசையைப் பார்த்துப் பேசுங்கள்.

அடையாறு அச்சு:
சரி, ஆண்டு வரிசையில் தோற்றேன். கார்பன் பாதத்தில் இன்னும் தோற்கவில்லை. நான்குசட்டம், வெறுங்காலுக்கென்றே குதி உயரம் பூஜ்யமாக அலைன் செய்து, செருப்பு போடும்போது மட்டும் உள்ளே ஆப்பு வைத்தால் என்ன?

நான்குசட்டம்:
ஆப்பை வைத்தால் சாய்வு இன்னும் கூடும், முட்டி முன்னால் ஓடும். பூஜ்யத்துக்கு அலைன் செய்துவிட்டால் குதியே இல்லாத தட்டைச் செருப்பு மட்டும்தான். ஹவாய் செருப்பில் குதியும் முன்பாதமும் ஒரே தடிமனா என்று ஸ்கேலால் அளந்துவிட்டு வாங்கச் சொல்லுங்கள்.