விதைக்கு வில்லை, குச்சிக்கு மண்

பீட் வில்லையா, பையில் வரும் மண் கலவையா என்று யாராவது கேட்டால், எதை வளர்க்கப் போகிறீர்கள் என்றுதான் முதலில் திருப்பிக் கேட்பேன். சிங்கப்பூரில் என் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுக் காரிடாரில் இரண்டையும் வைத்துப் பார்த்துவிட்டேன்.

சதுப்பு நிலத்தில் மக்கிய பாசியை அழுத்தி, மெல்லிய வலை சுற்றி, பிஸ்கட் போல விற்பதுதான் பீட் வில்லை. வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டால் சில நிமிடங்களில் ஊதி எழும்பிவிடும். மிளகாய், தக்காளி, கத்திரிக்கு இது நல்ல வசதி. வில்லைக்கு இரண்டு விதை போட்டு, முளைத்ததும் நோஞ்சானைக் கிள்ளிவிடலாம். வெண்டையை நேராகத் தொட்டியில் ஊன்றுவதே மேல். கீரைக்கு வில்லை வாங்குவது வீண் செலவு, மண்ணில் தூவினாலே போதும்.

சிக்கல் எல்லாம் தண்ணீரில்தான். வில்லைத் தட்டோடு வரும் பிளாஸ்டிக் மூடி குளிர்நாட்டுக்காரர்களுக்கானது. சிங்கப்பூரில் இரவில்கூட 23 டிகிரிக்குக் கீழே இறங்குவது அரிது, காற்றிலும் எப்போதும் ஈரம். இங்கே எதற்கு மூடி? பக்கத்து வீட்டு அக்கா மூடி வைத்த தட்டைக் கொண்டுவந்து காட்டினார். முதல்நாள் நிமிர்ந்து நின்ற தக்காளி நாற்றுகள் காலையில் படுத்துக் கிடந்தன. இலை இன்னும் பச்சையாகத்தான் இருந்தது. அடியில் மட்டும் தண்டு நூல் மாதிரி சுருங்கிப் பழுப்பேறியிருந்தது. நாற்றழுகல். பூஞ்சை அந்த இடத்துக்கு வந்துவிட்டால் நாற்றைக் காப்பாற்ற வழியில்லை.

அப்புறம் அக்காவுக்குச் சொன்னது இதுதான்: வில்லையை இரு விரலால் லேசாக அழுத்துங்கள், தண்ணீர் கசிந்தால் அன்றைக்கு ஊற்ற வேண்டாம். தட்டில் ஊற்றி அடியிலிருந்து உறிஞ்ச விட்டு, மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். தேங்கிய நீரில் ஏடிஸ் கொசு ஒரே வாரத்தில் முட்டையிலிருந்து பறக்கும் பருவத்துக்கு வந்துவிடும். சுற்றுப்புற வாரிய அதிகாரிகள் சோதனைக்கு வந்தால் தொட்டித் தட்டைப் பார்க்காமல் போக மாட்டார்கள். அதற்காக ஒரேயடியாகக் காய விட்டாலும் வம்பு. நன்றாகக் காய்ந்த பீட் தண்ணீரை ஏற்காது, மேலே ஊற்றினால் ஓரமாக வழிந்து ஓடிவிடும். மறுபடி ஊற வைக்க வேண்டியதுதான்.

குச்சி நடுவது தனிக்கதை. துளசி, புதினா போன்ற இளந்தண்டுகள் வில்லையில் சட்டென வேர் விடும். கற்பூரவல்லி சதைப்பற்றான தண்டு, நனைந்த பீட்டில் அழுகிப்போகும். மல்லிகைக்கு வாரக்கணக்கில் பொறுமை வேண்டும், அதுவரை வில்லையின் ஈரத்தைச் சீராக வைப்பது கஷ்டம். எங்கள் புளோக் சமூகத் தோட்டத்தில் ஒரு மக்சிக் (மலாய் அத்தை) எனக்கு மல்லிகைக் கிளை வெட்டிக் கொடுத்தபோது, அங்கேயே செய்தும் காட்டினார். கீழ் இலைகளை உருவி, மேல் இலைகளைப் பாதியாக வெட்டி, ஒரு கணுவாவது மண்ணுக்குள் போகும்படி ஊன்றினார். மண் கலவையில் பாதிக்குப் பாதி பெர்லைட் என்ற லேசான வெள்ளைக் கல் துணுக்கு. துளிர் வந்ததும் வேர் வந்துவிட்டதென்று நம்பாதே, லேசாக இழு, பிடித்துக்கொண்டால்தான் வேர் என்றார். அவர் சொன்னபடியே ஆனது, முதல் துளிருக்கு வெகுநாள் கழித்துத்தான் குச்சி மண்ணைப் பிடித்தது.

கறிவேப்பிலைக்கு வில்லையைத் தொடவே வேண்டாம். கறுத்துப் பழுத்த பழத்தின் சதையை நீக்கி, விதை காய்வதற்குள் ஆழமான தொட்டியில் போட வேண்டும். பழைய விதை முளைக்காது.

வில்லை நாற்றைத் தொட்டிக்கு மாற்றும்போது, வெள்ளை வேர் நுனி வலைக்கு வெளியே எட்டிப் பார்த்தவுடன் வலையைக் கத்தரியுங்கள். மக்கிவிடும் என்று எழுதியிருந்தாலும் நம்பாதீர்கள். காய்த்து ஓய்ந்த மிளகாய்ச் செடியைப் பிடுங்கிப் பார்த்தேன், வலை அப்படியே இருந்தது. நடுவில் தடித்த வேர்கள் அதற்குள் நெருக்கிப் பிதுங்கி நின்றன. நட்டபின் பீட் மண்ணுக்கு மேலே தெரியக்கூடாது, தெரிந்தால் அது காற்றில் காய்ந்து வேர்ப்பகுதி ஈரத்தையும் உறிஞ்சிவிடும்.

இன்னொன்று. பீட் உண்டாவது வருடத்துக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான். தோண்டினால் திரும்ப வர ஆயிரக்கணக்கான வருடம். 2013 ஜூனில் இங்கே புகைமூட்டக் குறியீடு (காற்று மாசு அளவு) 401 வரை போனதே, அப்போது சுமத்ராவில் எரிந்ததும் பெரும்பாலும் பீட் நிலம்தான். நம் வில்லையின் பாசி அங்கிருந்து வருவதில்லை, வடக்கத்திக் குளிர் நாடுகளிலிருந்து வருகிறது என்றாலும் உறுத்தத்தான் செய்கிறது. இப்போதெல்லாம் தேங்காய்நார் வில்லைதான் வாங்குகிறேன். உப்பு இருக்கலாம், அதனால் முதல்முறை ஊற வைத்த தண்ணீரைப் பிழிந்து கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் இன்னொரு முறை ஊற வைத்தபின்தான் விதை.