நவம்பர் வாக்குச்சீட்டில் சி.பி.ஏ.: ஆமாமா, இல்லையா?

ஏரிக்கரை:
நம் டவுனில் இந்த நவம்பர் வாக்குச்சீட்டில் சி.பி.ஏ. (கம்யூனிட்டி பிரிசர்வேஷன் ஆக்ட்) கேள்வி வருகிறது. புதிதாகக் குடிவந்தவர்களுக்காகச் சொல்கிறேன்: இது மாசசூசெட்ஸில் 2000-ல் வந்த சட்டம். ஊர் வாக்களித்து ஏற்றுக்கொண்டால், சொத்து வரியின் மேல் 3 சதவீதம் வரை கூடுதல் வரி போட்டுக்கொள்ளலாம். அந்தப் பணத்தில் காடு, வயல், குளக்கரைகளை வாங்கிக் காக்கலாம், பழைய கட்டடங்களைப் பழுதுபார்க்கலாம், நடுத்தர வருமானக்காரர்களுக்கும் ஏழைகளுக்கும் கட்டுப்படியாகிற வீடு கட்டலாம். இருக்கிற பூங்கா, மைதானங்களைச் சீர்செய்யவும் 2012 திருத்தம் வழிவிட்டது. நம் ஊரில் கேட்பது 1.5 சதவீதம். வீட்டு மதிப்பில் முதல் 1 லட்சம் டாலருக்கு விலக்கு உண்டு, வருமானம் குறைந்தவர்களுக்கு முழு விலக்கு. நான் ‘ஆம்’ போடப் போகிறேன்.

கணக்குப்பிள்ளை:
முதலில் கணக்கு. வீட்டு மதிப்பு 7 லட்சம், வரி ஆயிரத்துக்கு 12 டாலர் என்று வைத்துக்கொள்வோம். 1 லட்சம் போக 6 லட்சத்துக்கு வரி 7,200. அதில் 1.5 சதவீதம் என்றால் வருடத்துக்கு 108 டாலர். குடும்பத்தோடு ஒருநாள் வெளியே சாப்பிடுகிற செலவு. தொகையைப் பற்றி எனக்குச் சண்டை இல்லை.

என் சண்டை வேறு. 1980-ல் வந்த ‘இரண்டரை’ சட்டத்தால் டவுன் வசூலிக்கும் மொத்த சொத்து வரியை, புதுக் கட்டடங்களால் வருவது நீங்கலாக, ஆண்டுக்கு 2.5 சதவீதத்துக்கு மேல் உயர்த்த முடியாது. உயர்த்த வேண்டுமானால் ஓவர்ரைட் வாக்கெடுப்பு வைக்க வேண்டும். போன வசந்தத்தில் பள்ளிக்காக வைத்த ஓவர்ரைட் நம் ஊரில் தோற்றது, ஞாபகம் இருக்கிறதா? சி.பி.ஏ. அந்த வரம்புக்கு வெளியே நிற்கிறது. ஆனால் மக்கள் ‘சரி’ சொல்வதற்கும் ஓர் அளவு இருக்கிறது. அதை இங்கே செலவழித்துவிட்டால் அடுத்த முறை பள்ளிக்கு என்ன மிச்சம்? சி.பி.ஏ. பணத்தில் ஒரு வாத்தியார் சம்பளம்கூடக் கொடுக்க முடியாது.

ஏரிக்கரை:
வாத்தியார் சம்பளத்துக்கு இந்தச் சட்டம் வரவில்லையே. ஊர் திரட்டுவதோடு மாநிலம் சேர்த்துப் போடும் பங்கை மட்டும் ஏன் விட்டுவிட்டீர்கள்?

கணக்குப்பிள்ளை:
வேண்டுமென்றேதான் விட்டேன். 2007 வரை ஊர் ஒரு டாலர் திரட்டினால் மாநிலமும் ஒரு டாலர் போட்டது. பிறகு வீட்டுச் சந்தை படுத்தது, சேர்ந்த ஊர்களும் கூடிக்கொண்டே போயின, மாநிலப் பங்கு சுருங்கியது. அந்தப் பழைய ‘டாலருக்கு டாலர்’ கதையை இன்னும் துண்டறிக்கையில் அச்சடிப்பது நியாயமில்லை.

ஏரிக்கரை:
டாலருக்கு டாலர் என்று நான் சொல்லவில்லை. அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். மாநிலம் முழுக்கப் பத்திரப்பதிவின்போது வாங்கும் கட்டணம் அது. பெரும்பாலான பத்திரங்களுக்கு 20 டாலராக இருந்ததை 2019 கடைசியில் 50 ஆக்கினார்கள். நீங்கள் வீடு வாங்கினபோது கட்டினீர்கள், வட்டி குறைந்ததும் கடனை மாற்றிப் போட்டபோது திரும்பவும் கட்டினீர்கள். இதே மாநிலத்தில் வெஸ்ட்ஃபோர்ட் 2001-ல் சி.பி.ஏ.வில் சேர்ந்தது, லெக்சிங்டன் 2006-ல். நம் காசு இத்தனை வருடமாக அங்கே போகிறது.

கணக்குப்பிள்ளை:
பக்கத்து இலைக்குப் பாயசம் போகிறது என்பதற்காகப் பசியில்லாதவனும் பந்தியில் உட்கார வேண்டுமா?

ஏரிக்கரை:
பாயசத்துக்குக் காசு கொடுத்தவன் உட்காரலாம்.

வாடகை வீடு:
இரண்டு பேரும் வீட்டுக்காரர்கள், அதனால் பேச்சு வரியைச் சுற்றியே போகிறது. எனக்குச் சட்டத்தின் வடிவம்தான் உறுத்துகிறது. நிலம், பழைய கட்டடம், வீடு என்ற மூன்று தலைப்புக்கும் தலா 10 சதவீதம் கட்டாயம். மீதி 70-இல் நிர்வாகச் செலவுக்கு 5 வரை எடுத்துக்கொண்டு, மற்றதை ஊர் இஷ்டப்படி பிரித்துக்கொள்ளலாம். அதாவது வீட்டுக்கு வெறும் 10 சதவீதம் ஒதுக்கிவிட்டு, பெரும்பங்கை மரம் வளர்க்கக் கொடுத்தாலும் சட்டப்படி சரி.

நான் முன்பு குடியிருந்த ஊரில் ஓர் ஆப்பிள் தோட்டம் விலைக்கு வந்தது. அடுக்குமாடி கட்ட ஒரு பில்டர் வந்தார். அதுவரை அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காதவர்களெல்லாம் ஒரே வாரத்தில் ஆந்தை ஆர்வலர்கள் ஆகிவிட்டார்கள். சி.பி.ஏ. பணத்தில் டவுனே நிலத்தை வாங்கியது. இப்படி வாங்கும் நிலத்தில் நிரந்தரக் கட்டுப்பாடு எழுதியாக வேண்டும், ஆகவே இனி அங்கே வீடு என்ற பேச்சுக்கே இடமில்லை. நல்ல பாதைதான், நானும் அங்கே நடந்திருக்கிறேன். ஆனால் அங்கே குடிவந்திருக்க வேண்டியவர்கள் இன்று ஒரு மணி நேரம் கார் ஓட்டி வேலைக்கு வருகிறார்கள்.

ஏரிக்கரை:
அந்தத் திறந்தவெளி நிலம் மழைத் தண்ணீரைப் பிடித்து வைக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். நம் ஊரில் பலர் வீட்டில் இன்னும் கிணற்றுத் தண்ணீர்தான். பள்ளிக்கரணையைப் பார்த்து வளர்ந்தவன் நான். சதுப்பு நிலத்தைக் கட்டடமாக்கிவிட்டுப் பிறகு படகு தேடிய ஊரிலிருந்து வந்துவிட்டு, இங்கே நிலம் காப்பதைப் பணக்காரர் பொழுதுபோக்கு என்று என்னால் சொல்ல முடியாது.

வாடகை வீடு:
அண்ணே, சதுப்பு நிலத்தில் கட்டச் சொல்லி நான் கேட்கவில்லை. ஆப்பிள் தோட்டம் மேட்டில் இருந்தது, தார்ச்சாலையை ஒட்டி.

திண்ணை:
பாஸ்டன் பக்கத்துக் கேம்பிரிட்ஜும் இதே சட்டத்தைத்தான் வைத்திருக்கிறது. 2001-ல் ஏற்றார்கள், முழு 3 சதவீதம். பல ஆண்டுகளாக 80 சதவீதத்தை வீட்டுக்கும், தலா 10-ஐ மற்ற இரண்டுக்கும் கொடுத்து வருகிறார்கள். அதே அரிசிதான், அங்கே இட்லி, உங்கள் ஆப்பிள் ஊரில் பொரி.

அப்புறம், பழைய கட்டடம் என்றதும் யாராவது ஆக்டன் டவுன் வழக்கை எடுப்பீர்கள், நானே சொல்லிவிடுகிறேன். அங்கே ஒரு தேவாலயத்தின் வண்ணக் கண்ணாடி ஜன்னல்களைப் பழுதுபார்க்க சி.பி.ஏ. பணம் ஒதுக்கினார்கள், சிலர் வழக்குப் போட்டார்கள். மத நிறுவனத்துக்குப் பொதுப்பணம் போகக்கூடாது என்று மாநில அரசியல் சாசனத்தில் இருக்கிறது. 2018-ல் மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் ஜன்னலுக்குப் போகும் பணத்தை நிறுத்தியது. ஆனால் தேவாலயம் என்றாலே கூடாது என்று சொல்லவில்லை. ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும் என்றது. எனக்கு அந்தத் தீர்ப்பு பிடித்திருந்தது. ஊர்ப் பணத்தில் கோபுரத்துக்கு வெள்ளையடிக்கிற விவகாரம் நமக்கும் புதிதில்லையே.

கணக்குப்பிள்ளை:
கேம்பிரிட்ஜில் பெரிய பெரிய ஆபீஸ் கட்டடங்கள் வரி கட்டுகின்றன. நம் ஊரில் இருப்பது ஒரு டன்கின் காபிக் கடை, இரண்டு வங்கி, ஒரு முடிதிருத்தும் கடை.

திண்ணை:
திரளும் தொகை குறையும், உண்மைதான். பிரிக்கிற விகிதத்தை எது தடுக்கிறது?

வாடகை வீடு:
குழு தடுக்கிறது. ஐந்து முதல் ஒன்பது பேர் கொண்ட குழு பரிந்துரை செய்யும். ஊர் வாக்காளர்கள் கூடி முடிவெடுக்கும் டவுன் மீட்டிங் அந்தத் தொகையைக் குறைக்கலாம், நிராகரிக்கலாம், கூட்ட முடியாது. குழுவுக்கு வீடு கட்ட மனமில்லையென்றால் கூட்டத்தில் ஐந்நூறு பேர் கை தூக்கினாலும் பயனில்லை. குழுவில் யார் என்பதுதான் விஷயமே. அதை வாக்குச்சீட்டுக் கேள்வியில் எழுத மாட்டார்கள்.

ஏரிக்கரை:
இதை ஒத்துக்கொள்கிறேன். நம் துண்டறிக்கையின் அட்டையில் ஏரி இருக்கிறது, உள்ளே பழைய டவுன் ஹால் இருக்கிறது, வீட்டுக்கு ஒரே ஒரு வரி. எழுதினதே நான்தான். செவ்வாய்க்கிழமை கூட்டத்தில் விகிதத்தை முன்கூட்டியே அறிவிக்கச் சொல்லிக் கேட்கிறேன். மூன்றில் ஒரு பங்காவது வீட்டுக்கு என்றால் நீங்கள் வருவீர்களா?

கணக்குப்பிள்ளை:
எனக்கு அது போதாது. ஒருமுறை ஏற்றால் ஐந்து வருடம் கழியாமல் விலக முடியாது. அதற்குள் என் பெண் பள்ளி முடித்துப் போய்விடுவாள். முதலில் பள்ளி, பிறகு ஏரி. என் வாக்கு ‘இல்லை’.

ஏரிக்கரை:
சரி. வாடகை வீடு, நீங்கள்?

வாடகை வீடு:
நானா? எச்-1பி விசா அண்ணே, வாக்கு இல்லை. அந்த 108 டாலரை வீட்டுக்காரர் என் வாடகையில் ஏற்றுவார், வாக்குச்சாவடிக்கு அவர் போவார். செவ்வாய்க்கிழமை கூட்டம் எத்தனை மணிக்கு?