மறு: டெலிமெட்ரிக்குத் ‘தொலைக்குறிப்பு’ – முன்மொழிவும் வந்துள்ள மறுப்புகளும்

அனைவருக்கும் வணக்கம்.

லினக்ஸ் இயங்குதளத்துக்கு மாறுவோருக்காக நாம் தொகுத்து வரும் கையேட்டின் தனியுரிமை இயலை நேற்று முழுவதுமாகப் படித்தேன். மென்பொருள் தன் பயன்பாட்டைப் பற்றிய விவரங்களைத் தானே எடுத்துத் தன்னை ஆக்கியவர்களுக்கு அனுப்புவதே டெலிமெட்ரி. அதை ஓரிடத்தில் ‘தொலை அளவியல்’ என்றும், அடுத்த பக்கத்தில் ‘பயன்பாட்டுத் தரவு’ என்றும், பயர்பாக்ஸ் பற்றிய பகுதியில் ‘உளவுத் தரவு’ என்றும் எழுதியிருக்கிறோம். இம்மூன்றும் ஒரே பொருளைக் குறிக்கின்றன என்பதை எழுதிய நாம் அறிவோம். வாசகர் அறிய வழியில்லை. ஒரு சொல்லைத் தேர்ந்து இயல் முழுவதிலும் அதையே ஆள வேண்டும். ‘தொலைக்குறிப்பு’ என்பது என் முன்மொழிவு. குழுவில் இதுவரை வந்த கருத்துகளுக்கு மறுமொழியாகவும் இம்மடலைக் கொள்ளலாம்.

இக்கையேட்டைக் கையில் எடுப்பவர் யார் என்பதை முதலில் நினைவில் கொள்வோம். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிந்தது. விண்டோஸ் 11 கேட்கும் டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லு போன்ற வன்பொருள் இல்லாத, ஆனால் நன்றாகவே ஓடிக்கொண்டிருக்கும் கணினியை வைத்திருப்பவர்தான் நம் முதன்மை வாசகர். அவர் நிரலர் அல்லர். கணக்கு எழுதவும், பிள்ளைகள் படிக்கவும், மின்னஞ்சல் பார்க்கவும் கணினியைப் பயன்படுத்துபவர். நாம் தேர்ந்தெடுக்கும் சொல்லை அவர் எந்த அகராதியிலும் தேடப்போவதில்லை. ‘அடுத்து’ என்னும் பொத்தானுக்கு மேலே அதைக் காணும் ஓரிரு நொடிகளில் அவருக்கு அதன் பொருள் விளங்கியாக வேண்டும்.

எடுத்துக்காட்டாக, லினக்ஸ் வகைகளுள் ஒன்றான உபுண்டுவின் 18.04-ஆம் பதிப்பை நிறுவி முதன்முறை உள்நுழைந்ததும் வரும் வரவேற்புத் திரைகளுள் ஒன்று, கணினியைப் பற்றிய விவரங்களை அனுப்பலாமா என்று கேட்டது. அனுப்பப்படுபவை என்னென்ன என்பதை அங்கேயே திறந்து பார்க்கவும் ஒரு பொத்தான் இருந்தது. அதை அழுத்தினால் உபுண்டுவின் பதிப்பு, கணினியைச் செய்த நிறுவனம், செயலி, நினைவகத்தின் அளவு, வரைகலை அட்டை, திரையின் அளவு, வட்டுப் பிரிவுகளின் அளவு, தேர்ந்த மொழி, நேர வலயம், நிறுவும்போது எடுத்த முடிவுகள் சில என்று ஒரு சிறு பட்டியல் வரும். பெயரோ கோப்புகளோ அதில் இல்லை. ஒளிவுமறைவில்லாத ஏற்பாடுதான். ஆயினும் ‘அனுப்பு’ என்பதே முன்கூட்டித் தேர்ந்து வைக்கப்பட்டிருந்ததால், படிக்காமல் ‘அடுத்து’ அழுத்தியவர் எல்லோரும் இசைந்தவராகவே கொள்ளப்பட்டனர். டெபியன் என்னும் மற்றொரு லினக்ஸ் வகையில் இதற்கு நேர்மாறான வழக்கம். எந்தெந்தப் பொதிகள் (மென்பொருள் தொகுப்புகள்) நிறுவப்பட்டுள்ளன, அவற்றுள் எவை அண்மையில் பயன்பட்டன என்னும் பட்டியலை வாரந்தோறும் அனுப்பும் பொதி ஒன்று அங்கு உண்டு. நிறுவும்போது அதில் கலந்துகொள்கிறீர்களா என்று கேட்பார்கள், விடை ‘இல்லை’ என்றே முன்னிருப்பாக இருக்கும். திரண்ட முடிவுகளை எவரும் காணும்படி இணையத்தில் வைக்கிறார்கள். லினக்ஸின் திரைச்சூழல்களுள் ஒன்றான கேடீயீ பிளாஸ்மாவிலும் 5.18-ஆம் பதிப்பிலிருந்து பயனர் கருத்தளிப்பு என்னும் பக்கம் அமைப்புகளில் உள்ளது. அதுவும் பயனரே சென்று இயக்கினால் ஒழிய எதையும் அனுப்பாது. லினக்ஸ் மின்ட்டை நிறுவுபவர் இத்தகைய கேள்வியையே காணமாட்டார்.

இந்த நான்கையும் ஒரே பத்தியில் விளக்க ஒரு பொதுச்சொல் இல்லாததால்தான் நம் இயல் தடுமாறுகிறது. இனி, இருக்கின்ற சொற்களைப் பார்ப்போம்.

‘தொலை அளவியல்’ என்பதை மாற்றவே வேண்டாம் என்பது மூத்த உறுப்பினர் ஒருவரின் கருத்து. அறிவியல் தமிழில் வேரூன்றிய சொல் அது என்பதில் எனக்கு ஐயமில்லை. பெங்களூருவைத் தலைமையிடமாகக் கொண்ட இஸ்ரோவின் இஸ்ட்ராக் மையம் செய்கிற பணியைச் சொல்வதற்கு அதைவிடப் பொருத்தமான சொல் கிடையாது. ஏவூர்தியின் வெப்பம், அழுத்தம், திசைவேகம் ஆகியவற்றை எட்ட இருந்து அளப்பது உண்மையிலேயே ஓர் அளவியல். ஆனால் நம் வாசகரின் திரையில் ‘தொலை அளவியலை இயக்கவா?’ என்று கேட்டால், தம் கணினி எதையோ அளக்கும் கருவியாக மாறப்போகிறது என்றே அவர் எண்ணுவார். தம்மைப் பற்றிய விவரம் வெளியே செல்கிறது என்பது அவருக்குப் புலப்படாது. தவிர, ‘இயல்’ என்பது துறையைக் குறிக்கும் ஈறு. ஒரு துறையை இயக்கவும் நிறுத்தவும் முடியாது. பொறியியல் நூல்களில் அச்சொல் அப்படியே நிலைக்கட்டும். அமைப்புப் பக்கத்துக்கு அது வேண்டாம் என்பதே என் வாதம்.

‘பயன்பாட்டுத் தரவு’ எளிதாகத் தோன்றுகிறது, ஆனால் கைப்பேசியின் அமைப்புகளைத் திறந்தால் ‘தரவுப் பயன்பாடு’ என்று ஒன்று இருக்கிறது. அது மாதத்துக்கு எத்தனை ஜிபி செலவாயிற்று என்பதைக் காட்டுவது. இரண்டு சொற்களையும் முன்பின்னாக மாற்றிப் போட்டால் வேறு பொருள் வரும் என்று வாசகரிடம் எதிர்பார்ப்பது நியாயமன்று. ‘தரவுப் பயன்பாட்டை நிறுத்தினால் இணையம் நின்றுவிடுமா?’ என்ற கேள்வி நிச்சயம் வரும்.

‘உளவுத் தரவு’ பற்றித்தான் குழுவில் சூடான மடல்கள் வந்தன. இந்நிறுவனங்கள் செய்வது உளவுதானே, அதை உளவு என்று சொல்வதில் என்ன தயக்கம் என்று கேட்டிருந்தீர்கள். அச்சினம் எனக்கும் உண்டு. விண்டோஸ் 10, 11 ஆகியவற்றின் ஹோம், புரோ பதிப்புகளில் ‘தேவையான’ கண்டறிதல் விவரங்களை அனுப்புவதை முற்றிலும் நிறுத்த அமைப்புப் பக்கத்தில் வழியில்லை. கூடுதல் விவரங்களை மட்டுமே நிறுத்தலாம். யாருக்குத் தேவையான விவரம் என்று அத்திரை சொல்வதில்லை. ஆனால் ‘உளவு’ என்று நாம் எழுதினால், டெபியனின் பொதிப் பட்டியலும் அதே சொல்லுக்குள் அடங்கிவிடும். கேட்டுப் பெறுவதும் கேளாமல் எடுப்பதும் ஒரே பெயரில் வழங்கினால், எந்த மென்பொருள் நம்பத்தக்கது என்று முடிவெடுக்கக் கையேட்டைத் திறந்தவருக்கு நாம் உதவியவர்கள் ஆகமாட்டோம். தீர்ப்பைக் கலைச்சொல்லுக்குள் வைக்கக் கூடாது; அதற்கடுத்த வாக்கியத்தில் எவ்வளவு கடுமையாகவும் எழுதலாம். ‘இம்மென்பொருள் பயனரைக் கேளாமல் தொலைக்குறிப்பு அனுப்புகிறது, நிறுத்தவும் விடுவதில்லை’ என்னும் வாக்கியத்தின் கடுமை, ‘உளவு’ என்ற ஒற்றைச் சொல்லின் கடுமையைவிடக் குறைந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

டெலிமெட்ரி என்றே எழுதிவிடலாம் என்ற கருத்தும் உள்ளது. இணைய உதவிப் பக்கங்களில் அப்பெயரே வழங்குவதால், இயலின் தொடக்கத்தில் ஒருமுறை அதைச் சொல்லிவைப்பது நல்லதுதான். பயர்பாக்ஸின் முகவரிப் பட்டையில் ‘அபவுட்:டெலிமெட்ரி’ என்பதை ஆங்கில எழுத்தில் தட்டச்சினால் அந்த உலாவி திரட்டிவைத்துள்ளவை அனைத்தும் பட்டியலாக வரும்; அப்பக்கத்தைத் தேடிச் செல்லவும் அப்பெயர் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் அமைப்புப் பக்கத்தின் சொல்லாக அது பயன்படாது. அறிந்தவருக்கு விளக்கம் தேவையில்லை. அறியாதவருக்கு அது வெறும் ஒலி.

‘தொலைக்குறிப்பு’ என்பதில் இரண்டு செய்திகள் உள்ளன. எதைப் பற்றியோ ஒரு குறிப்பு எடுக்கப்படுகிறது. அது தொலைவுக்குச் செல்கிறது. தொலைக்காட்சி என்பதுபோல வல்லினம் மிகுந்து வரும். வேற்றுமை உருபுகளை இயல்பாக ஏற்கும்: தொலைக்குறிப்பை அனுப்பு, தொலைக்குறிப்பில் உள்ளவை, தொலைக்குறிப்புகளை நிறுத்து. பொத்தானிலும் அடங்கும். மென்பொருளின் திரைச்சொற்களைப் பிஓ கோப்புகளில் மொழிபெயர்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். நீண்ட தொடரைப் போட்டால் திரையில் பாதி வெட்டுப்பட்டு மூன்று புள்ளிகளாக நிற்கும்.

இதற்கு எழுந்த மறுப்புகளுள் வலுவானது, மெட்ரி என்பதிலுள்ள அளவீட்டுப் பொருள் விடுபடுகிறதே என்பது. அப்பொருள் விடுபடுவது குறையில்லை என்றே நினைக்கிறேன். மென்பொருள் அனுப்புபவற்றில் பெரும்பகுதி அளவீடே அன்று: எந்தப் பட்டியைத் திறந்தார், எந்த நீட்சியை நிறுவினார், எந்த மொழியைத் தேர்ந்தார் என்பன. இவற்றைக் குறிப்பு என்பதே நேர். ‘தொலை’ என்றால் ‘ஒழிந்து போ’ என்றும் பொருள்படுமே என்று ஒருவர் வேடிக்கையாக எழுதியிருந்தார். தொலைபேசி அந்தப் பழியைப் பல காலமாகச் சுமந்துகொண்டு நன்றாகவே இருக்கிறது. குறிப்பு என்றவுடன் மனிதர் கைப்பட எழுதுவதே நினைவுக்கு வரும் என்பது மூன்றாவது மறுப்பு. ‘தானே எடுக்கும்’ என்ற அடைமொழியை முதல் விளக்கத்தில் சேர்த்தால் அது தீரும்.

சொல்லைவிட வரையறைதான் நமக்குக் கூடுதல் வேலை வைக்கும். நான் எழுதிப் பார்த்தது இது: பயனர் கேட்ட வேலையைச் செய்வதற்குத் தேவைப்படாத நிலையில், மென்பொருளை ஆக்கியவர்கள் அதன் பயன்பாட்டை அறிந்துகொள்வதற்காக, மென்பொருள் தானே எடுத்துத் தானே அனுப்பும் விவரம். மின்வாரியத்தார் அளவியைப் பார்த்துப் போவது நாம் கட்ட வேண்டிய தொகைக்காக. எந்த அறையில் எந்நேரம் மின்விசிறி ஓடிற்று என்று குறித்துக்கொண்டு போனால் அது வேறு காரியம். இவ்வரையறையின்படி இற்றைப்படுத்தலுக்காகக் கணினி சேவையகத்தைத் தொடர்புகொள்வது தொலைக்குறிப்பு ஆகாது. அதன்வழி நம் ஐபி முகவரி அங்கே தெரிகிறது என்பது உண்மை; அதைத் தனியே சொல்வோம். செயலிழப்பு அறிக்கையையும் பிரித்தே வைக்க விரும்புகிறேன். நிரல் முறிந்த கணத்தில் நினைவகத்தில் இருந்தவற்றின் ஒரு பகுதி அதில் செல்லக்கூடும். தட்டச்சிக்கொண்டிருந்த கடிதமோ கடவுச்சொல்லோகூட அதில் சிக்கலாம். திரையளவை அனுப்புவதற்கு இசைந்த ஒருவர் இதற்கும் இசைந்ததாகக் கொள்ள முடியாது.

2012 அக்டோபரில் வந்த உபுண்டு 12.10-ஐ இவ்வியலில் எங்கே வைப்பது என்று கேட்டிருந்தீர்கள். அதில் முகப்புத் தேடலில் தட்டச்சிய சொற்கள் உபுண்டுவை வெளியிடும் கேனானிக்கல் நிறுவனத்தின் சேவையகத்துக்குச் சென்று, அமேசான் பொருள்கள் தேடல் முடிவுகளில் வந்தன. தம் கணினியில் உள்ள கோப்பைத் தேடியவருக்குக் கடைச்சரக்கைக் காட்டிய ஏற்பாடு அது. கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மன் அதை வெளிப்படையாகவே உளவு மென்பொருள் என்றார்; 2016-இல் வந்த 16.04-இல்தான் அது முன்னிருப்பாக நிறுத்தப்பட்டது. பயன்பாட்டை அறிவதற்காக அன்றி விற்பனைக்காகச் சென்ற விவரம் என்பதால் அதைத் தொலைக்குறிப்பில் சேர்க்காமல், தேடல் சொற்கள் கசிவதைப் பற்றிய பகுதியில் வைப்போம். லினக்ஸ் என்றாலே தனியுரிமை உறுதி என்று எழுதிவிடாமல் நம்மைத் தடுக்கவும் இந்நிகழ்வு பயன்படும். 2021-இல் ஒலித்தொகுப்பு மென்பொருளான ஆடாசிட்டி, 2023-இல் ஃபெடோரா என்னும் லினக்ஸ் வகை, அதே ஆண்டில் கோ நிரல்மொழி ஆகியவற்றில் தொலைக்குறிப்பு பற்றி எழுந்த சச்சரவுகளைச் சுருக்கமாகக் குறித்தால் போதும். இவற்றுள் கோ மொழியின் முடிவு மட்டும் ஒரு வரி கூடுதலாகப் பெறத்தக்கது: கேளாமல் இயங்குவதாக முன்மொழியப்பட்ட ஏற்பாடு, எதிர்ப்புக்குப் பின் பயனர் இசைந்தால் மட்டுமே இயங்குவதாக மாற்றப்பட்டது.

அதனால்தான் இந்த இரு முறைகளுக்கும் சொல் வேண்டும். ‘விருப்பச் சேர்வு’, ‘விருப்ப விலகல்’ என்று இயலில் இப்போது இருப்பவை கண்ணுக்கு ஒன்றுபோலத் தோன்றி எதிரெதிர்ப் பொருளைத் தருகின்றன. நான் பெயர்ச்சொல்லே வேண்டாம் என்பேன். ‘இசைந்தால் மட்டும் அனுப்பும்’, ‘மறுத்தால் ஒழிய அனுப்பும்’ என்று வினையாகவே எழுதுவோம். அட்டவணையின் தலைப்பிலும் இவற்றை அப்படியே போடலாம்.

இது அழகியல் சார்ந்த விருப்பம் மட்டும் அன்று. 2023-ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், இசைவு கேட்கும் வேண்டுகோளை ஆங்கிலத்திலோ அரசமைப்பின் எட்டாம் அட்டவணை மொழிகளுள் ஒன்றிலோ படிக்கும் வாய்ப்பைத் தர வேண்டும் என்கிறது. தமிழ் அவற்றுள் ஒன்று. திரட்டப்படுவது தனிநபர் தரவாக இருக்குமிடத்து, இத்தகைய திரைகள் தமிழிலும் வரத்தான் போகின்றன. நாம் தெளிவான சொல்லைப் புழக்கத்தில் விடாவிட்டால், ‘உங்கள் அனுபவத்தை மேம்படுத்த உதவுங்கள்’ என்ற வகையில், எது எங்கே போகிறது என்பதையே சொல்லாத தமிழ்தான் அங்கே வந்து உட்காரும்.

வினைச்சொல்லைப் பற்றியும் ஒன்று. ‘டிஸேபிள்’ என்பதற்கு ‘முடக்கு’ என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. முடக்கினால் வேறு ஏதேனும் கெட்டுவிடுமோ என்று தயங்கி, பலர் அந்தப் பொத்தானைத் தொடுவதில்லை. இங்கே ‘நிறுத்து’ என்பதே சரி. மீண்டும் தொடங்கலாம் என்பது அச்சொல்லிலேயே உள்ளது.

இவற்றை ஏற்பீர்களாயின், பயர்பாக்ஸ் பகுதியின் முதல் வாக்கியம் இவ்வாறு அமையும்: ‘பயர்பாக்ஸ், நீங்கள் மறுத்தால் ஒழிய, தன் செயல்பாட்டைப் பற்றிய தொலைக்குறிப்புகளை மோசில்லாவுக்கு அனுப்பும், அமைப்புகளில் தனியுரிமைப் பக்கத்தின் கீழ்ப்பகுதியில் அதை நிறுத்தலாம்.’ விஎஸ்கோடியம் என்னும் நிரல் எழுதும் மென்பொருள் பற்றிய வரி இவ்வாறு: ‘விஎஸ் கோடின் திறந்த மூலத்திலிருந்து, தொலைக்குறிப்பு நிறுத்தப்பட்ட நிலையில் தொகுக்கப்பட்டது.’ இவ்விரண்டையும் கணினித் துறை சாராத ஒருவரிடம் படிக்கக் கொடுத்து, என்ன விளங்கிற்று என்று கேட்டு எழுதுங்கள். மாற்றுச் சொல் முன்மொழிவோர் அதை இதே இரு வாக்கியங்களில் பொருத்திக் காட்டினால் ஒப்பிடுவது எளிது. செயலிழப்பு அறிக்கைக்கான சொல்லைத் தனி இழையில் தொடங்குகிறேன்.

நன்றி.