மறு: எவனெசன்ட் ஃபீல்டு – தமிழில் என்ன?

> கையேடு திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. "தேயலை" என்று போட்டுவிடலாமா?

வணக்கம் அக்கா,

பரப்பை விட்டு விலக விலக வலுவிழக்கும் புலம்தானே எவனெசன்ட் ஃபீல்டு; அதற்குத் தேயலை (தேய் + அலை) வேண்டாம். நம் தொடக்கக் கல்லூரிப் பிள்ளைகள் பேச்சு வழக்கில் வாசித்தால் 'தேயவில்லை' என்றாகிவிடும், பொருளே தலைகீழ். அவசரமாக வாசித்தால் தேயிலை! தம்பி சொன்ன 'ஒட்டலை'க்கும் இதே கதிதான். பரப்போடு ஒட்டிய அலை என்று அவர் நினைத்தது சரி, காதில் விழுவது 'ஒட்டவில்லை'.

கையேட்டில் இந்தச் சொல் வருவது 2012இல் கலிஃபோர்னியாவிலும் ஸ்பெயினிலும் இரு குழுக்கள் கிராஃபீன் (ஓர் அணு தடிமனுள்ள கார்பன் தாள்) பிளாஸ்மானை, அதாவது அதன் எலக்ட்ரான்கள் கூட்டாக அசைவதால் எழும் அலையை, படம்பிடித்த பகுதியில். அங்கே விழும் அகச்சிவப்பு ஒளியின் அலைநீளம் சுமார் 11 மைக்ரோமீட்டர். கிராஃபீனில் எழும் பிளாஸ்மானுக்கோ 200 நானோமீட்டர் அளவுதான். இவ்வளவு சுருங்கிய அலை பரப்பை விட்டு வெளியே பரவ முடியாது. மேலே போகப் போக அதன் புலம் வலுவிழக்கும், ஏறத்தாழ 30 நானோமீட்டர் உயரத்திலேயே மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேல்தான் மிஞ்சும். தூரத்தில் நிற்கும் சாதாரண நுண்ணோக்கிக்கு இது எட்டாது. அதனால்தான் கூர்மையான ஊசிமுனையைப் பரப்புக்கு மிக அருகே கொண்டுபோகிறார்கள். பிளாஸ்மானைக் கிளப்பிவிடுவதும் அந்த முனைதான். முனையிலிருந்து கிளம்பும் அலையும் கிராஃபீனின் விளிம்பில் மோதித் திரும்பும் அலையும் சேர்ந்து, படத்தில் வரிவரியாகத் தெரிகிறது.

ஆக, தேய்வது புலம். தேய்பிறை மாதிரி தேய்புலம் என்று வைக்கலாமே? வினைத்தொகை என்பதால் ஒற்று மிகாது. அச்சகத்தில் யாராவது 'தேய்ப்புலம்' என்று திருத்திவிடப் போகிறார்கள், பார்த்துக்கொள்ளுங்கள்.

அண்மைப்புலத்தை இதோடு குழப்ப வேண்டாம். அது பொருளுக்கு மிக அருகிலுள்ள புலம் முழுவதற்கும் பொதுவான பெயர்.

சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் கென்ட் ரிட்ஜ் வளாகத்தில் 2010இல் கிராஃபீனுக்கென்றே ஆய்வு நிலையம் தொடங்கிய ஊர் இது. நாளைக்கு அங்கே போகிற பிள்ளைக்கு ஆங்கிலச் சொல்லும் வேண்டும், முதல் இடத்தில் மட்டும் ஒலிபெயர்த்துப் போடுங்கள்.

---

> தேய்புலம் சரி. ஆனால் பிறை நாள்கணக்கில் தேய்கிறது, இது உயரத்தில் தேய்கிறது. அப்புறம், நம் படத்தில் அம்புக்குறி பரப்பின் மேலேயே கிடைமட்டமாக அல்லவா போகிறது?

அந்த அம்பு காட்டுவது வேறு, அக்கா. பிளாஸ்மான் கிராஃபீனில் ஓடும்போதே ஆற்றலை இழக்கிறது. அதற்குத் 'தணிவு' என்று தனியாக எழுதிவிடலாம். தேய்புலத்துக்குப் பரப்பிலிருந்து செங்குத்தாக மேலே போகும் இன்னொரு அம்பு போடச் சொல்லுங்கள். உயரமா நாளா என்ற குழப்பமும் அதில் தீர்ந்துவிடும்.