சாஸ்-ஃபேயில் ஒரு ராத்திரி சமையல் என் தலையில். என்ன செய்யலாம்?

கோவைக்காரன்:
வணக்கம். பிப்ரவரியில் கம்பெனி பயிற்சிக்காக சுவிட்சர்லாந்தில் வின்டர்தூர் போகிறேன். அது முடிந்ததும், கூட வேலை செய்பவர் தன் அப்பா அம்மா வீட்டுக்குக் கூப்பிட்டிருக்கிறார். வாலிஸ் மாநிலத்தில் சாஸ்-ஃபே என்கிற மலை ஊர். 1,800 மீட்டர் உயரம், ஊருக்குள் கார் விடமாட்டார்களாம். பகலில் பனிச்சறுக்குப் பழகப் போகிறேன். நான் பார்த்த அதிகபட்சக் குளிர் ஊட்டி, சிரிக்காதீர்கள்.

விஷயம் அதில்லை. அவருடைய அம்மா, "ஒரு நாள் உங்கள் ஊர்ச் சாப்பாடு செய்து கொடுங்கள்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். மொத்தம் ஆறு பேர். காரம் ஆகாது, ஆனால் ருசி பார்க்க ஆசை. நான் மட்டன் பிரியாணி, கத்தரிக்காய் தொக்கு, பாயசம் என்று யோசித்திருக்கிறேன். நெய், கருவேப்பிலை எல்லாம் இங்கிருந்தே எடுத்துப் போகட்டுமா?

வாலிஸ் குசினி:
தம்பி, நான் யாழ்ப்பாணம். இங்கே வாலிஸில் ஹோட்டல் குசினியில் வேலை. நெய்யையும் கருவேப்பிலையையும் அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள். இறைச்சி, பால் சாமான் எதையும் இந்தியாவிலிருந்து கொண்டுவர விடமாட்டார்கள். பச்சை இலைக்கும் சான்றிதழ் கேட்பார்கள். தூள் வகை, அப்பளம் போதும். நெய்க்குப் பதில் இங்கே கோப், மிக்ரோ கடைகளில் 'பிராட்பூட்டர்' என்று உருக்கிய வெண்ணெய் கிடைக்கும். கருவேப்பிலையை சூரிச்சில் எங்கட ஆக்களின் கடையில் வாங்கிக்கொண்டு ரயில் ஏறுங்கள்.

பிரியாணி வேண்டாம். முதல் தடவை சறுக்குகிறவருக்குப் பின்னேரம் தொடை நடுங்கும். சறுக்குகிறவர்களை மலைமேல் ஏற்றும் லிஃப்ட் நாலு மணி போல நிற்கும், இவர்கள் ஆறரை ஏழுக்குச் சாப்பிட உட்கார்ந்துவிடுவார்கள். நடுவில் இருக்கிற நேரத்தில் தெரியாத அடுப்பில் ஆறு பேருக்குத் தம் போடுவதா?

என்னைக் கேட்டால் சொதி வையுங்கள். வெங்காயம், பச்சை மிளகாய் இரண்டு, கொஞ்சம் வெந்தயம், மஞ்சள், உருளைக்கிழங்கு, டப்பாத் தேங்காய்ப்பால். இறக்கிய பிறகுதான் எலுமிச்சைப் புளி விட வேண்டும், அடுப்பில் இருக்கும்போது விட்டால் பால் திரைந்துவிடும். சோறும் வையுங்கள், அவர்களுடைய ரை ரொட்டியையும் (ரை என்ற தானியத்தின் மாவில் செய்வது, கறுப்பாக, கல்லுப் போல இருக்கும்) மேசையில் விட்டுவிடுங்கள். வீட்டுக்கார ஐயா சொதியை அந்த ரொட்டியால்தான் வழித்துச் சாப்பிடுவார், பாருங்கள். உறைப்பு வேண்டியவருக்குச் சம்பல் (எங்கட காரத் துவையல்) தனிக் கிண்ணத்தில்.

பருப்புக்கு மைசூர்ப் பருப்பு எடுங்கள். அந்த உயரத்தில் தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும், துவரம்பருப்பு திறந்த பானையில் லேசில் மசியாது.

இனிப்புக்குக் கேசரி. ரவை எந்தக் கடையிலும் இருக்கும். பாலில் ரவை வேகவைத்த இனிப்பு இவர்கள் சின்ன வயதிலிருந்து சாப்பிடுவது, முகம் சுளிக்கமாட்டார்கள். இந்த மாநிலத்திலேயே முண்ட் என்ற ஊரில் குங்குமப்பூ விளைகிறது. விலையைக் கேட்டால் மயக்கம் வரும், ஆனால் அவர்கள் வீட்டில் ஒரு சிட்டிகை இருந்தால் கேட்டு வாங்கிப் போடுங்கள். அந்த அம்மாவுக்கு அதைவிடப் பெருமை வேறு இருக்காது.

இன்னொன்று, தாளிக்க முதல் வாசலில் தொங்கும் ஜாக்கெட்டுகளை வேறு அறைக்கு மாற்றிக் கதவைச் சாத்துங்கள். மர வீடு. மறுநாள் மலை முழுக்கக் கடுகு வாசத்தோடு சறுக்குவார்கள்.

மியூனிக் மீனா:
குசினி அண்ணா சொன்னதில் பிரியாணிக்கு மட்டும் நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். இங்கே எங்கள் பக்கத்து வீட்டார் பிரியாணி என்றால் தட்டோடு வருவார்கள். சறுக்காத நாளில் செய்தால் என்ன? ஆனால் மட்டனுக்கு அலையாமல் கோழி போடுங்கள். அப்புறம், பயணக் காப்பீட்டில் பனி விளையாட்டு சேர்ந்திருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். பல பாலிசிகளில் தனியாகப் பணம் கட்டினால்தான் உண்டு. முழங்கால் திருகி ஹெலிகாப்டர் வந்தால் சமையலே மறந்துபோகும்.

கோவைக்காரன்:
காப்பீடு எனக்குத் தோணவே இல்லைங்க, நன்றி. சொதி, பருப்பு, கேசரி என்று முடிவு செய்துவிட்டேன். பிரியாணி அடுத்த தடவை, மீனா மன்னிக்கவும். ஒரே கவலை, சோற்றுக்கும் பருப்புக்கும் என் அலுமினியக் குக்கரைக் கொண்டு வரலாமா?

வாலிஸ் குசினி:
இண்டக்சன் அடுப்பென்றால் அது சூடாகாது. அடியில் காந்தம் ஒட்டுகிற பாத்திரம்தான் வேண்டும். சுமக்காதீர்கள், அந்த வீட்டிலேயே டுரோமாட்டிக் குக்கர் இருக்கக் கூடும். 1949-இலிருந்து இங்கே செய்கிறார்கள், அதுவும் நீங்கள் பயிற்சிக்குப் போகிற வின்டர்தூருக்குப் பக்கத்தில், ரிகோன் என்ற ஊரில். ஆனால் அது விசில் அடிக்காது. மூடியில் ஒரு குச்சி மேலே எழும்பும், அதில் இரண்டு சிவப்பு வளையம். இரண்டாவது தெரிந்ததும் தீயைக் குறைத்து மணிக்கூட்டைப் பாருங்கள். விசிலுக்காகக் காத்திருந்தால் பருப்பு கரைந்துவிடும்.