மறு: "ப்ரீசீசன் ஹைப்" தமிழில் எப்படி? – "மிகை எதிர்பார்ப்பு" வேண்டாம்னு சொல்றதுக்கு என் காரணங்கள்

குழுவில் எல்லாருக்கும் வணக்கம்.

அமெரிக்கக் காலேஜ் ஃபுட்பால்ல சீசனுக்கு முன்னாடி கிளம்புற பரபரப்ப "ப்ரீசீசன் ஹைப்"னு சொல்றாங்களே, அதுக்கு நம்ம சொற்பட்டியலுக்காகத் தமிழ்ச்சொல் தேடுற இந்த இழைய மூணு நாளாப் படிச்சுக்கிட்டேதான் இருந்தேன், நடுவுல பேச வேண்டாம்னு நெனச்சேன், ஆனா நேத்து "மிகை எதிர்பார்ப்பு"ன்னே முடிச்சுடலாம், சொற்பட்டியல்ல ஏத்திடலாம்னு மடல் வந்ததும் இனிமே சும்மா இருக்கக்கூடாதுன்னு தோணுச்சு. நான் நெப்ராஸ்கா மாநிலத்துல லிங்கன்ல இருக்கேன். படிக்க வந்தவன், வேலை கிடைச்சு இங்கயே தங்கிட்டேன். காலேஜ் ஃபுட்பால நான் இந்த ஊர்ல வாழ்ந்து கத்துக்கிட்டேன், அதனால இந்தச் சொல் எப்படி வரணும்ங்கிறதுல எனக்குக் கொஞ்சம் பிடிவாதமே உண்டு.

மொதல்ல ஒரு சின்னத் திருத்தம். ஆரம்ப மடல்ல "கல்லூரிக் கால்பந்து"ன்னு இருக்கு, அத மாத்திடுங்க ஐயா. கால்பந்துன்னா நம்ம ஆளுங்களுக்கு சாக்கர்தான். ஒரு தடவ "கல்லூரி அமெரிக்கன் ஃபுட்பால்"னு தெளிவா சொல்லிட்டு அப்புறம் ஃபுட்பால்னே போயிடலாம், யாரும் குழம்ப மாட்டாங்க.

இப்ப விஷயத்துக்கு வர்றேன்.

> ரசிகர்கள் சீசனுக்கு முன் அளவுக்கு மீறி எதிர்பார்ப்பதுதான் இதன் பொருள். எனவே மிகை எதிர்பார்ப்பு என்பதே பொருத்தம்.

அளவுக்கு மீறிடுச்சுன்னு யார், எப்ப சொல்றது? சீசன் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி, ஆகஸ்ட்ல, எல்லா டீமும் ஒரு ஆட்டம்கூட ஆடாம சமமாத்தான் நிக்குது. பன்னெண்டு ஆட்டம் முடிஞ்சு நவம்பர் கடைசியிலதான் யாரு அதிகமா ஆசைப்பட்டாங்க, யாரு கம்மியா ஆசைப்பட்டாங்கன்னு தெரியும். கடைசியில வர்ற தீர்ப்பத் தூக்கிட்டுவந்து ஆகஸ்ட்ல இருக்கிற உணர்ச்சிக்குப் பேரா வச்சா, அந்தச் சொல் ஆகஸ்ட்ல பொய்யாயிடும். அதோட, குறைவா எதிர்பார்த்த கதைக்கு என்ன பண்ணுவீங்க? 2022-ல டெக்சஸ் கிறிஸ்டியன் பல்கலைக்கழக டீம், டிசியு, சீசனுக்கு முன்னாடி அவங்க பிக் 12-லயே, அதாவது தங்களுக்குள்ள ஆடுற பல்கலைக்கழகங்களோட கூட்டமைப்புலயே, ஏழாவது இடம்தான் வரும்னு பத்திரிகைக்காரங்க ஓட்டுப் போட்டாங்க, நாடு தழுவின முதல் 25-லயும் பேரே இல்ல, அவங்க கடைசியில தேசிய இறுதி ஆட்டம் வரைக்கும் போனாங்க. இறுதியில ஜார்ஜியாகிட்ட 65-7-னு தோத்தது வேற விஷயம். அந்த ஆகஸ்ட்ல டிசியு ரசிகன் ஒருத்தன் "இந்த வருஷம் பாருங்க"ன்னு சொல்லியிருந்தா அத மிகைன்னு சொல்லுவோமா?

எங்க ஊர்க் கதையச் சொன்னாத்தான் இது புரியும், கொஞ்சம் நீளமாப் போகும், பொறுத்துக்கங்க.

நெப்ராஸ்காவுல பெரிய ப்ரொஃபஷனல் டீம்னு எதுவும் கிடையாது, மொத்த மாநிலத்துக்கும் இந்த ஒரு பல்கலைக்கழக டீம்தான். மெமோரியல் ஸ்டேடியத்துல 1962 நவம்பர்லேர்ந்து ஒவ்வொரு சொந்த ஊர் ஆட்டத்துக்கும் டிக்கெட் முழுசா வித்துக்கிட்டிருக்கு. டாம் ஆஸ்போர்ன் 1973-லேர்ந்து 1997 வரைக்கும் கோச்சா இருந்தார், 255 வெற்றி, 1994, 1995, 1997-னு மூணு தேசியப் பட்டம், இருபத்தஞ்சு வருஷத்துல ஒரு வருஷம்கூட ஒம்பது வெற்றிக்குக் கீழ போனதில்ல. அதுக்கப்புறம் பட்டம் கிடையாது. 1997 டீம்ல குவார்ட்டர்பேக்கா, அதாவது களத்துல ஆட்டத்த நடத்துறவரா, இருந்த ஸ்காட் ஃப்ராஸ்ட், இந்த மண்ணுல பொறந்து வளந்தவர், ஃப்ளோரிடாவுல யுசிஎஃப் பல்கலைக்கழக டீம 2017 சீசன்ல ஒரு தோல்வி இல்லாம நடத்திட்டு இங்க கோச்சா வந்தார். 2018 ஏப்ரல்ல நடந்த ஸ்ப்ரிங் கேம், அதாவது டீம் ரெண்டாப் பிரிஞ்சு தங்களுக்குள்ளயே ஆடுற பயிற்சி ஆட்டம், அதுக்கு 86,000 பேருக்கு மேல வந்து உக்காந்தாங்க. (இதுக்கு "வெள்ளோட்டம்"னு நான் போன மாசமே எழுதியிருந்தேன், யாரும் மறுக்கல.) செப்டம்பர் 1 அன்னிக்கு ஆக்ரன் டீமோட மொத ஆட்டம், முதல் கிக் அடிச்சாங்க, மின்னல் வந்துடுச்சு, நிறுத்தினாங்க, ராத்திரி வரைக்கும் காத்திருந்து கடைசியில ரத்து. நான் அன்னிக்கு மழையில நனைஞ்சுக்கிட்டு நின்னேன். அதுக்கப்புறம் வரிசையா ஆறு ஆட்டம் தோல்வி, சீசன் 4-8, அதாவது நாலு வெற்றி, எட்டு தோல்வி. சரி, இதோட ஆசை அடங்குச்சான்னா இல்ல, அடுத்த வருஷம் ஏபி செய்தி நிறுவனத்தோட சீசன்முன் பட்டியல்ல எங்க டீமுக்கு 24-வது இடம் குடுத்தாங்க. ஓட்டுப் போட்டது ரசிகர்கள் இல்ல, விளையாட்டுப் பத்திரிகையாளர்கள். முடிவு 5-7.

2021-ல ஒம்பது தோல்வி, ஒம்பதும் ஒம்பது பாயின்ட் வித்தியாசத்துக்குள்ள. இதத்தான் நான் குழுவுக்கு அழுத்திச் சொல்ல வர்றேன். ஒம்பது ஆட்டத்தக் கைக்கெட்டுற தூரத்துல விட்ட டீம், அடுத்த வருஷம் அதுல பாதிய ஜெயிச்சுடும்னு ஒருத்தன் நம்பினா அதுல கணக்கு இருக்கு, காரணம் இருக்கு. 2022 ஆகஸ்ட் 27, டப்ளின்ல நார்த்வெஸ்டர்னோட மொத ஆட்டம். முந்தின வருஷம் இதே நார்த்வெஸ்டர்ன 56-7-னு அடிச்சிருக்கோம், நெப்ராஸ்காதான் ஜெயிக்கும்னு பந்தயக்காரங்களும் கணிச்சிருந்தாங்க. மூணாவது குவார்ட்டர்ல 28-17-னு முன்னாடி இருக்கும்போது எதிராளி எதிர்பாக்காத ஆன்சைட் கிக் ஒண்ண, அதாவது உதைச்ச பந்தத் தாங்களே திரும்பப் பிடிக்கப் பாக்குற சின்ன உதைய, எங்க ஆளுங்க அடிச்சுப் பாத்தாங்க, பந்து அவங்க கைக்குப் போயிடுச்சு, ஆட்டம் 31-28-னு போச்சு. அந்த வருஷம் நார்த்வெஸ்டர்ன் ஜெயிச்ச ஒரே ஆட்டம் அதுதான், மீதிப் பதினொண்ணும் தோத்தாங்க. ரெண்டு வாரத்துல ஃப்ராஸ்ட்ட வேலைய விட்டு எடுத்துட்டாங்க.

எங்க பக்கத்து வீட்டுல ஒரு பெரியவர் இருக்கார், அவங்க அப்பா ஸ்டேடியத்துல வாங்கின சீட்டு இன்னிக்கும் அவர் பேர்ல இருக்கு. ஒவ்வொரு ஆகஸ்ட்லயும் ஆட்ட அட்டவணைய ஃப்ரிட்ஜ் கதவுல ஒட்டி, பன்னெண்டு ஆட்டத்துக்கும் நேர வெற்றியா தோல்வியான்னு பென்சில்ல எழுதி வைப்பார். மொத ஆட்டத்துக்கு முந்தின ராத்திரிக்குள்ள எழுதி முடிச்சிடணும், அப்புறம் அழிக்க மாட்டார், அசல் முடிவ அது பக்கத்துல பேனாவுல எழுதுவார். அந்த 2022 தாள்ல பென்சில்ல எட்டு வெற்றி இருந்துச்சு, பேனாவுல நாலு. நாம தேடுற சொல்லு அந்தப் பென்சில் எழுத்துக்கான பேருங்க. அதுல மிகைன்னு எங்க இருக்கு?

> நப்பாசை என்று ஏற்கெனவே நல்ல சொல் இருக்கும்போது புதிதாக எதற்கு?

அக்கா, நல்ல சொல்தான், ஆனா நடக்காதுன்னு உள்ளுக்குள்ள தெரிஞ்சும் விடமுடியாம வச்சிருக்கிற ஆசைதான் நப்பாசை. நவம்பர்ல நாலு வெற்றியோட நின்னுக்கிட்டு, அந்த டீம் தோத்தா, இந்த டீம் ஜெயிச்சா, சீசன் முடிஞ்சப்புறம் தேர்வான டீம்களுக்கு நடக்கிற பௌல் ஆட்டத்துக்குப் போயிடலாம்னு கணக்குப் போடுறோமே, அது நப்பாசை. அதுக்கு அத வச்சுக்கலாம், நான் ஆதரிக்கிறேன். ஆகஸ்ட்டுக்கு அது ஆகாது.

அடுத்தது, ப்ரீசீசன்ங்கிறதுக்குக் குழுவுல சொன்ன "முற்பருவம்". இத நானும் முதல்ல ஏத்துக்கிட்டேன், ரெண்டு நாள் யோசிச்சதும் உறுத்துச்சு. முற்பகல்னா பகலோட முதல் பாகம். முன்னிரவுன்னா இரவோட முதல் பாகம். முன்பனின்னாலும் பனிக்காலத்தோட ஆரம்பம்தான். அப்ப தமிழ்ல காலத்துக்கு முன்னால "முன்" போட்டா அந்தக் காலத்துக்குள்ளயே இருக்கிற முன்பகுதின்னுதான் காது கேக்குது, அதுக்கு வெளிய இருக்கிற நாள்னு கேக்கல. "முற்பருவத் தரவரிசை"ன்னு எழுதினா செப்டம்பர் மாசத் தரவரிசைன்னு படிக்கிறவர் எடுத்துக்க முழு நியாயம் இருக்கு. வினையோட "முன்" சேர்த்தாத்தான் இன்னும் நடக்கலைங்கிற பொருள் வருது: வருமுன், விழுமுன், உண்ணுமுன். அந்த வழியில என் முன்மொழிவு "ஆடுமுன்". ஏபி பட்டியல் 1936-லேர்ந்து இருக்கு, சீசனுக்கு முன்னாடியே போடுற வழக்கம் 1950-ல வந்துச்சு, அது "ஆடுமுன் தரவரிசை". பந்தய நிறுவனங்களும் கணினி மாதிரிகளும் இத்தன வெற்றி வரும்னு சொல்றது "ஆடுமுன் கணிப்பு". ரசிகனோடது "ஆடுமுன் நம்பிக்கை".

அப்ப ஹைப்? இழையோட தலைப்பே அதுதான், மூணு நாளா எல்லாரும் ஹைப்பயும் ரசிகர் நம்பிக்கையயும் ஒண்ணாப் போட்டுக் கலக்கினதுலதான் சிக்கலே வந்துச்சுன்னு நான் நெனக்கிறேன். ஹைப்ங்கிறது டிவியும் பத்திரிகையும் பாட்காஸ்ட்டும் பண்ற வேலை. நம்ம பேச்சுல இதுக்கு ஒரு சொல் சொல்லாமலே கிடக்கு, "சும்மா அவன ஏத்திவிடாதடா"ன்னு சொல்றோமில்ல, அதுதான். எழுத்துல "ஏற்றிவிடல்". ரெண்டும் வேற வேறங்கிறதுக்கு என்கிட்ட இருக்கிற சாட்சி, ஏற்றிவிடல் மொத ஆட்டத்துக்கு அப்புறம்கூட நடக்கும். 2016 செப்டம்பர்ல டெக்சஸ், பத்தாவது இடத்துல இருந்த நாட்டர் டேம மொத ஆட்டத்துல 50-47-னு ரெண்டு ஓவர்டைம் தாண்டி ஜெயிச்சப்ப, டெக்சஸ் பழைய நெலைக்குத் திரும்பிட்டாங்கன்னு டிவி வர்ணனையில அந்த நிமிஷமே முழங்கினாங்க, அந்த டெக்சஸ் 5-7-ல முடிஞ்சு கோச் போனார், தோத்த நாட்டர் டேம் 4-8. 2023-ல கொலராடோவும் அப்படித்தான், முந்தின வருஷம் 1-11, டியான் சாண்டர்ஸ் கோச்சா வந்து டீமையே கிட்டத்தட்ட புதுசா மாத்தி மொத ஆட்டத்துல டிசியுவ 45-42-னு அடிச்சதும் நாடே அதப் பத்தித்தான் பேசிச்சு, கடைசியில 4-8. ஆடுமுன் நம்பிக்கை இப்படி நீள முடியாது, மொத கிக்கோட அது முடிஞ்சுடுது, பெரியவர் பென்சிலக் கீழ வச்சுடுறார்.

தரவரிசை மட்டும் பெரிசா தப்புறதும் உண்டு, 2012-ல முதலிடத்துல வச்ச யுஎஸ்சி டீம் 7-6-ல முடிஞ்சு கடைசிப் பட்டியல்ல பேரே இல்லாமப் போச்சு. அத "ஆடுமுன் தரவரிசை பொய்த்தது"ன்னு சொல்லிட்டுப் போகலாம், தனிச்சொல் தேவையில்ல.

கடைசியா "சீசன் ஓப்பனர்", சீசனோட மொத ஆட்டம். "தொடக்க ஆட்டம்"னா உலகக் கோப்பையில போட்டித் தொடருக்கே பொதுவா ஒண்ணுதான் இருக்கும். இங்க ஒவ்வொரு டீமுக்கும் அதோட சொந்த மொத ஆட்டம், அதுக்கு மேல சொந்த ஊர் மொத ஆட்டம் தனி, கூட்டமைப்புக்குள்ள மொத ஆட்டம் தனி. 2022-ல எங்களுக்கு டப்ளின்ல ஒண்ணு, அடுத்த வாரம் நார்த் டக்கோட்டாவோட லிங்கன்ல ஒண்ணு. இதுக்கு "கால்கோள்" பொருந்தும்னு எனக்குத் தோணுது. கல்யாணத்துக்கோ கோயில் திருவிழாவுக்கோ மொத பந்தக்கால் நடுறோமே, அந்தக் கால்கோள். பருவக் கால்கோள், சொந்தக்களக் கால்கோள், கூட்டமைப்புக் கால்கோள்னு மூணுக்கும் நீட்டிக்கலாம்.

படிச்சுட்டு எங்க தப்புன்னு சொல்லுங்க.

---

மறுமடல், அடுத்த நாள்

நேத்து எழுதினதுக்கு வந்த மறுப்பு ரெண்டுக்கும் சேர்த்தே பதில் எழுதுறேன்.

> ஆடு முன் என்று பிரித்துப் படித்தால் விலங்கு என்று பொருள் வருமே?

நியாயமான ஆட்சேபணைங்க ஐயா. சேர்த்தே எழுதணும்னு பட்டியல் குறிப்புல போட்டுடலாம், "வருமுன்"ன பிரிச்சு எழுதாத மாதிரி. ஆனா வரி உடையும்போது பிரிஞ்சுடும்னு நீங்க சொன்னது சரி, தனித்து நிக்கிற தலைப்புகள்ல மட்டும் "களமிறங்குமுன்"னு மாற்றுச்சொல்லா வச்சுக்கலாம், கொஞ்சம் நீளம், ஆனா தெளிவு.

> கால்கோள் மங்கலச் சொல். தோல்வியில் முடியும் ஆட்டத்துக்கும் அதே பெயரா?

ஆமா, அதுக்கும்தான். மங்கலமா ஆரம்பிக்கிறோம்ங்கிறதுதான் அந்த நாளோட இயல்பு. 2021 சீசன் வரைக்கும் எங்க ஸ்டேடியத்துல டீம் மொத பாயின்ட் எடுத்ததும் ஆயிரக்கணக்குல சிவப்பு பலூன் மேல விடுவாங்க, 2022-ல ஹீலியம் தட்டுப்பாட்டால நிறுத்தினாங்க. அந்த ஆட்டம் எப்படி முடியும்னு தெரிஞ்சுக்கிட்டு யாரும் பலூன் விடல. 2023-ல மினசோட்டாவோட மொத ஆட்டத்த கடைசி நொடி ஃபீல்ட் கோல்ல 13-10-னு தோத்தோம், அதுவும் கால்கோள்தான். 2024-ல யூடெப் டீம 40-7-னு ஜெயிச்சோம், அதுவும்.

"மிகை எதிர்பார்ப்பு"ன்னு ஏத்தின வரிய இன்னிக்கு ராத்திரி பட்டியல்லேர்ந்து எடுத்துடுறேன், எடுத்த காரணத்த வரலாறு பக்கத்துல ரெண்டு வரியில எழுதி வைக்கிறேன். "ஆடுமுன் நம்பிக்கை", "ஆடுமுன் தரவரிசை", "ஆடுமுன் கணிப்பு" மூணும் உறுதி. "ஏற்றிவிடல்" பக்கத்துல மட்டும் கேள்விக்குறி போட்டு வச்சிருக்கேன், வர்த்தக விளம்பரத்துலயும் ஹைப் வருது, அங்க இது செல்லுமான்னு விளம்பரத்துறையில இருக்கிற நம்ம உறுப்பினர் ஒருத்தர் சொன்னா நல்லது. சனிக்கிழமை ஆட்டம், அதுக்கு முன்னாடி பதில் வந்தா அன்னிக்கே முடிச்சுடலாம்.