டாலெக் குரல் ஏன் நம் கையில் வரமாட்டேங்குது?

நாடாக்காரன்:
டாலெக் என்பது பிபிசியின் அறிவியல் புனைவுத் தொடர் 'டாக்டர் ஹூ'வில் வரும் தகரக்குரல் வில்லன். அது முதலில் வந்தது தொடரின் இரண்டாவது கதையான 'த டாலெக்ஸ்' (1963 டிசம்பர் 21 முதல் 1964 பிப்ரவரி 1 வரை, ஏழு எபிசோடு). அந்தக் குரலைச் செய்து பார்க்கிறவர்கள் முதலில் சறுக்குவது ட்ரெமோலோவில் (சத்தத்தை மட்டும் ஏற்றி இறக்கும் எஃபெக்ட்). அதை 30 ஹெர்ட்ஸில் வைத்தால் குரல் நடுங்கும், அவ்வளவுதான். மனுஷக் குரல் உள்ளே அப்படியே உட்கார்ந்திருக்கும். பிபிசி ரேடியோஃபோனிக் ஒர்க்‌ஷாப்பின் பிரையன் ஹாட்ஜ்சன் பயன்படுத்தியது ரிங் மாடுலேட்டர். அது குரல் அலையை 30 ஹெர்ட்ஸ் சைன் அலையோடு (வழவழப்பான ஒற்றைச் சுர அலை) கணக்கில் பெருக்குவது போல் பெருக்கிவிடும். 200 ஹெர்ட்ஸ் காணாமல் போய், 30 கழித்த 170-ம் 30 கூட்டிய 230-ம் வரும். 400 இருந்த இடத்தில் 370, 430. இரட்டிப்பு, மும்மடங்கு என்று சுரங்களுக்குள் இருந்த உறவு அறுந்துவிடுகிறது. காதில் விழும் தகரத்தனம் அதுதான்.

சத்தம் ஏறி இறங்கும் துடிப்பை எண்ணினால் நொடிக்கு 60 வரும். அலையின் மேல்பாதி, கீழ்பாதி இரண்டிலும் சத்தம் எழும்புவதால் அப்படி. அதைப் பார்த்துவிட்டு 60 ஹெர்ட்ஸ் வைத்துவிடாதீர்கள்.

ஈயப்பற்று:
ரிங் மாடுலேட்டரைச் சர்க்யூட்டாகவே செய்கிறவர்களுக்கு: சென்டர் டேப் (சுருளின் நடுவிலிருந்து எடுத்த கம்பி) உள்ள ஆடியோ டிரான்ஸ்ஃபார்மர் 2, டையோடு 4. சிலிக்கான் டையோடு வேண்டாம். 0.6 வோல்ட் தாண்டும்வரை அது திறக்காது, துடிப்புக்குத் துடிப்பு நடுவே ஓட்டை விழும். ஜெர்மானியம் 0.2–0.3 வோல்ட்டிலேயே திறந்துவிடும். பத்துப் பன்னிரண்டு வாங்கி, மல்டிமீட்டரின் டையோடு சோதனையில் காட்டும் வோல்ட் எண் ஒத்துவரும் நாலைப் பொறுக்குங்கள். விரலில் பிடித்தபடி அளக்கக் கூடாது; கைச்சூட்டுக்கே எண் இறங்கும். ஜோடி சேராவிட்டால் யாரும் பேசாத நேரத்திலும் 'ம்ம்ம்' என்று 30 ஹெர்ட்ஸ் ஒழுகும்.

30 ஹெர்ட்ஸைச் சென்டர் டேப்பில்தான் கொடுக்கணும். முனைகளில் கொடுத்தால் சின்ன டிரான்ஸ்ஃபார்மர் அவ்வளவு தாழ்ந்த அலையைக் கடத்தாமல் சப்பிப்போகும்.

கருப்புவெள்ளை:
அண்ணன்கள் சொன்னது சரி, ஆனால் மாடுலேட்டர் பெட்டி பாதி வேலைதான். ஹாட்ஜ்சன் குழு மாடுலேட்டருக்கு முன்பே குரலின் நடு அலைவரிசையைத் தூக்கிவிட்டது. பின்னால் தூக்கினால் வேறு சத்தம், வரிசை முக்கியம். ரெக்கார்டிங்கில் ஃபேன் இரைச்சல் இருந்தால் அதுவும் சேர்ந்து துடிக்கும், அப்புறம் பிரிக்க முடியாது.

மீதிப் பாதி பேச்சு. டாலெக்குக்குக் குரல் கொடுத்த பீட்டர் ஹாக்கின்ஸ், டேவிட் கிரஹாம் இருவரும் அசையை அசையாக வெட்டி, எல்லாவற்றுக்கும் ஒரே அழுத்தம் கொடுத்தார்கள். தமிழில் செய்யும்போது இங்கேதான் உதைக்கும். நொடியில் பத்தில் ஒரு பங்கே நீளும் குறிலுக்கு ஆறு துடிப்புதான் கிடைக்கும், காது பிடிப்பதற்குள் போய்விடும். குறிலையும் நெடில் மாதிரி இழுக்கணும்: "நீ-றூத்-தூ". இலக்கண வாத்தியார் அடிப்பார், டாலெக் ஒத்துக்கொள்ளும்.

ஈயப்பற்று:
டாலெக் பேசும்போது மின்னும் தலை விளக்குக்கும் அதே பிரச்சினை. மைக் சத்தத்தில் எரியும்படி வைத்தால் 'நிறுத்து'வின் கடைசிக் குற்றியலுகரத்துக்கு விளக்கு எரியாது. அந்தக் கதையில் குரல் கொடுத்தவர்கள் டாலெக்குக்கு வெளியே. உள்ளே உட்கார்ந்து தள்ளினவரே வசனத்தை மனப்பாடம் செய்து, ஸ்விட்ச்சைத் தட்டி விளக்கை எரியவிட்டார். ஒரு புஷ் பட்டன் போதும்.